அறுபதுக்கு முப்பது

ஏணி ரஸ்மினுடையது.
பதினாலு அடி, அலுமினியம்.
ஒரு காலில் ரப்பர் குல்லா,
மற்றதில் சைக்கிள் டியூப் சுற்றிக் கம்பியால் கட்டியது.
கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, ஹாட்வெயார்க் கடை வாசல்.
கமரா பூட்டவேண்டும்.
முதலாளி விரல் காட்டிய இடம்
பெயர்ப்பலகைக்கும் மேலே.

சுவரடியில் கான், மூடி உடைந்தது.
அதனால் ஏணியின் காலைத் தெருப்பக்கம் இழுத்து வைத்தோம்,
வழமையிலும் பார்க்க மூன்றடி அதிகம்.
அவன் ஏறினான்.
நான் கீழ்ப்படியில் ஒரு செருப்பை அழுத்தி நின்றேன்.
அதுதான் என் வேலை. நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.

சேர்ட் பையில் நாலாய் மடித்த தாள்.
சாதாரண தரம், கணிதம், மூன்றாம் தடவை.
"ஒரு கோணம் தன் நிரப்பு கோணத்தின் இரு மடங்காகும்.
அக்கோணம் யாது?"

நிரப்பு என்றால் தொண்ணூறுக்கு மிச்சம்.
பஸ்ஸில் மிச்சக்காசு கேட்டு வாங்கத் தெரிந்தவனுக்கு
அதுவரை தெரியும்தானே.
அதற்குப் பிறகு எக்ஸ் வந்து குந்தும்,
அடைப்புக்குறி திறக்கும்,
மூடுவதற்குள் பேனை காய்ந்துவிடும்.

மேலே துளை போடுகிற சத்தம்.
சீமெந்துத் தூள் தாளில் கொட்ட
ஊதிவிட்டு நிமிர்ந்தேன்.
சுவரில் சாய்ந்து நிற்கிறது கணக்கு!

சுவர் நிமிர்ந்திருக்க, நிலம் கிடந்திருக்க,
இரண்டும் சந்திக்கிற மூலையில்,
கான் தண்ணீருக்குள் எங்கோ, செங்கோணம்.
அது யாருக்கும் அசையாது.
மிச்சத் தொண்ணூறை
மேலும் கீழுமாய்ப் பங்குபோட்டிருந்தது ஏணி.
தெருவோடு அகன்ற பங்கு.
பலகைக்கு மேலே, ரஸ்மினின் முழங்கைப் பக்கம், ஒடுங்கிய பங்கு.
மூன்றாய் உடைத்தால் ஒன்று முப்பது.
மேலே ஒன்று. கீழே இரண்டு.
அறுபது.
எக்ஸ் இல்லாமலே அறுபது!

முக்கோணத்தை முழுதாய்ப் பார்க்க
இரண்டடி பின்னால் போகவேண்டியிருக்கிறது.

போனேன்.

ஐம்பத்தைந்துக்கு முப்பத்தைந்து.
ஐம்பதுக்கு நாற்பது.
நாற்பத்தைந்தில் இரண்டும் ஒரு கணம் சமமாய் நிற்க,
என் பெயரின் முதல் பாதியைச் சொன்னான் ரஸ்மின்.
பிறகு கீழ்க்கோணம் கொடுக்கக் கொடுக்க
மேற்கோணம் வாங்கிக்கொண்டே வந்தது,
ஒரு பாகைகூடச் சிந்தவில்லை.
கடைசியில் தெருவோடு பூச்சியம், சுவரோடு தொண்ணூறு.
கூட்டிப் பாருங்கள். சரியாய்த்தான் வரும்.
பிழைத்துப்போனது அவன் கணுக்கால்.

பெரியாஸ்பத்திரியில்
மாக்கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.
டியூப் வழுக்கியதென்று முதலாளி சொல்லியிருந்தார்.
அப்படியே விட்டிருக்கலாம்.
நான் சொன்னேன்:
தாளை, தூளை, இரண்டடியை.

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.
பக்கத்துக் கட்டில்காரர் தோடம்பழம் உரித்து முடித்துவிட்டார்.
"விடை என்னா?"
"அறுபது."
"சரியாடா?"
"சரி."

கொஞ்ச நேரம் கழித்து,
"பாகைமானி கீது வச்சிருக்கியா?"
கொம்பாஸ் பெட்டி பையில்தான் இருந்தது.
கட்டில் விளிம்போடு பிடித்துக் காலை அளந்தேன்.
இருபத்தெட்டு.
"மிச்சம்?"
"அறுபத்திரண்டு."
"அத நீ வச்சிக்கோ," என்றான்.

மன்னித்தானா ஏசினானா என்று கேட்க வாயெடுத்தேன்.
பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதி சிங்களத்தில் விரட்டினாள்.

டிசம்பரில் அந்தக் கேள்வி வரவில்லை.
வட்டிக் கணக்கு வந்தது.

ஏணி இப்போது எங்கள் தோட்டத்து ஒழுங்கையில்.
சாய்க்க இடமில்லை, நட்டுக்கு நிற்கிறது.
நேற்று மற்றக் காலுக்கும் ரப்பர் குல்லா வாங்கினேன்.
நூற்றெண்பது ரூபாய்.
இருநூறு கொடுத்தேன்;
மிச்சத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன்.